18,000 ரூபாய் நத்தை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு சொல்லலாம், ஆனா நீங்க நம்ப மாட்டீங்க. இந்தத் தடவை எழுத வச்சது கோபம். அதனால பதிவு கொஞ்சம் நீளமா இருக்கும், கொஞ்சம் சூடாவும் இருக்கும். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்களே.

பொங்கலுக்கு கோவில்பட்டி போயிருந்தேன். சித்தப்பா வீட்டு வாசல்ல கால் வச்சதும் சித்தி சொன்ன முதல் வார்த்தை, "கை கால் கழுவிட்டு உள்ள வா, வலம்புரி வந்திருக்கு". யாரோ விருந்தாளி போலன்னு நினைச்சுட்டேன். பூஜை ரூம்ல போய்ப் பாத்தா தட்டு நிறைய பச்சரிசி பரப்பி, மஞ்சள் குங்குமம் எல்லாம் வச்சு, நடுவுல வெள்ளை வெளேர்னு ஒரு சங்கு.

சித்தப்பா தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். பஸ்ல போனா காசு கூடன்னு பாசஞ்சர் ரயிலுக்குக் காத்துக் கிடக்கிற ஆளு. அப்படிப்பட்டவர் இன்டர்நெட்ல பாத்து, போன் பண்ணிப் பேசி, 18,000 ரூபாய் அனுப்பி அந்தச் சங்கை வாங்கியிருக்காரு. பணம் சித்தியோட நகைச் சீட்டுப் பணம். "வலம்புரி வந்தா நகை தானா வரும்லா" என்பது சித்தப்பாவோட பொருளாதாரக் கொள்கை.

நம்ம கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: பொட்டி தட்டுறது தொழில், சிப்பி பொறுக்குறது பொழுதுபோக்கு. இஞ்சினியரிங் மூணாவது வருஷம் ராமேஸ்வரம் டூர் போனப்ப இருபது ரூபாய்க்கு ஒரு பாக்கெட் சிப்பி வாங்கினதுல ஆரம்பிச்ச வியாதி. இப்ப செருப்பு டப்பா நாலு நிறைய இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதி, எங்க எப்போ கிடைச்சதுன்னு குறிச்சு வச்சிருக்கேன். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிறப்ப இதை மட்டும் சொல்லாதடான்னு அம்மா கையெடுத்துக் கும்பிடுது :-)

சித்தி அனுமதியோட சங்கைக் கையில எடுத்தேன். எடுத்ததுமே உறுத்துச்சு. வால் ரொம்ப நீளம். அந்த அளவுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை. வாய்க்குள்ள ஆள்காட்டி விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாத்தேன். வழவழன்னு இருந்துச்சு. இன்னொரு தடவை தடவினேன். அப்பவும் வழவழ.

அது நம்ம ஊரு சங்கே கிடையாது. அமெரிக்காவுல, மெக்சிகோ வளைகுடாக் கரையில கிடைக்கிற லைட்னிங் வெல்க்னு ஒரு கடல் நத்தையோட ஓடு. கோவில்பட்டியிலேர்ந்து தூத்துக்குடி பஸ்ல ஒன்றரை மணி நேரம். உலகத்துக்கே சங்கு கொடுத்த கடல் அங்கதான் கிடக்கு. ஆனா சித்தப்பா வீட்டுப் பச்சரிசிக்கு மேல பாதி உலகம் சுத்தி வந்த நத்தை.

கூட ஒரு சர்ட்டிபிகேட்டும் வந்திருந்துச்சு. லேமினேட் பண்ணி, சீல் வச்சு, எக்ஸ்ரே படத்தோட. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'இது இயற்கையான ஓடு. ஒட்டு வேலை இல்லை. சுழி சரியாக உள்ளது.' ஒரு வரி கூடப் பொய் கிடையாது. இயற்கைதான். ஒட்டலைதான். சுழியும் அந்தப் பக்கம்தான். எந்த நத்தைங்கிற ஒரே ஒரு கேள்வியை மட்டும் நைசா விட்டுட்டாங்க.

இப்ப கொஞ்சம் பாடம் நடத்திக்கறேன். இது புரிஞ்சாத்தான் என் கோபம் புரியும்.

நம்ம சங்கோட அறிவியல் பேரு டர்பினெல்லா பைரம். பைரம்னா லத்தீன்ல பேரிக்காய், வடிவத்தைப் பாத்து வச்ச பேரு. வச்சவர் லின்னேயஸ், 1767-ல. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா மணல் தரையில புழுவைத் தின்னு வாழற நத்தை. அந்த நத்தைகள்ல கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கமாத்தான் சுருளும். லட்சத்துல ஒண்ணுன்னு ஒருத்தர், இல்லை அதுக்கும் மேலன்னு இன்னொருத்தர், கணக்கு ஆளுக்கு ஒண்ணு. எப்பவாவது ஒண்ணு பிறவியிலேயே எதிர்ப்பக்கமா சுருண்டு வளரும். அதுதான் நாம சொல்ற வலம்புரி. அபூர்வம், அதனால விலை.

லைட்னிங் வெல்க் கதை நேர் எதிர். அந்த இனத்துல எதிர்ச் சுழிதான் வழக்கம். அதாவது அங்க பொறக்கிற பிள்ளை எல்லாமே 'வலம்புரி'. அதோட பேரு சினிஸ்ட்ரோஃபல்கர் பெர்வெர்சம். டெக்சாஸ் மாநிலம் 1987-ல அதைத் தன்னோட அதிகாரபூர்வ சிப்பியா அறிவிச்சுது. அந்தக் கடற்கரைக்கு அது புதுசும் இல்லை, அபூர்வமும் இல்லை. தோள்ல இருக்கிற முடிச்சுகளையும் பழுப்புக் கோடுகளையும் தேய்ச்சு எடுத்து, பாலிஷ் போட்டு, சந்தனம் பூசிட்டா போதும். நம்ம ஊர்ல அஞ்சு இலக்கத்துல விலை.

அந்த நத்தையை மட்டமா பேசறேன்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்கப் பழங்குடி மக்கள் அதோட ஓட்டைச் சடங்குல குடிக்கிற கிண்ணமா வச்சிருந்தாங்க. ஓக்லஹோமாவுல ஸ்பைரோங்கிற இடத்து மண்மேடுகள்ல உருவம் செதுக்கின கிண்ணங்கள் நிறைய கிடைச்சிருக்கு. அங்கேயும் அது புனிதம்தான். ஆனா அது அவங்க சங்கு. நம்ம சாமி கையில இருக்கிறது வேற.

கண்டுபிடிக்கிறது கஷ்டமா? ஒரு விரல் போதும். நம்ம சங்கோட வாய்க்குள்ள நடுத்தண்டுல மூணு நாலு மடிப்பு, வரப்பு மாதிரி தெளிவா தட்டுப்படும். வலம்புரியோ இடம்புரியோ, டர்பினெல்லான்னா மடிப்பு உண்டு. லைட்னிங் வெல்க்ல அந்த வரப்பு வரிசை கிடையாது. வெளியில எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள இல்லாத மடிப்பை உண்டாக்கறது லேசு இல்லை. எக்ஸ்ரே வேண்டாம், சர்ட்டிபிகேட் வேண்டாம், விரல் போதும்.

ஆனா தமிழ்ல தேடினா என்ன கிடைக்குது? 'வலம்புரிச் சங்கின் 12 பலன்கள்.' 'வலம்புரிச் சங்கு வீட்டில் இருந்தால் நடக்கும் அதிசயம்.' 'வலம்புரிச் சங்கை எந்தக் கிழமையில் வாங்க வேண்டும்.' ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து தேடினேன். முதல் மூணு பக்கத்துல பாதி கடைக்காரங்க எழுதினது, மீதி அதைக் காப்பியடிச்சவங்க எழுதினது. எழுத்துப் பிழை உட்பட அப்படியே ஒட்டியிருக்காங்க. ஒரிஜினலான்னு பாக்க அவங்க சொல்ற வழி என்ன? காதுல வச்சா ஓம்னு கேக்கணுமாம். ஐயா, காதுல டம்ளரை வச்சாலும் கேக்கும். சுத்தி இருக்கிற சத்தத்துல சிலதை மட்டும் அந்தக் குழிவு பெருசாக்கிக் காட்டுது, அவ்வளவுதான். அந்தச் சோதனையில எங்க வீட்டு எவர்சில்வர் சொம்பு கூட வலம்புரியா பாஸாயிடும்.

கடைக்காரன் மேல எனக்குப் பெருசா கோபம் இல்லை. ஏமாத்தறவன் எல்லா ஊர்லயும் இருப்பான். என் கோபம் நம்ம மேல. நம்ம மேலன்னா என் மேலயும், இதைப் படிக்கிற உங்க மேலயும்தான்.

ஏன்னா, இந்த விஷயம் எல்லாம் ரகசியம் கிடையாது. பைசா செலவில்லாம, இணையத்துல, திறந்த வீடா கிடக்கு. வரிசையா சொல்றேன்.

மொலஸ்காபேஸ்னு ஒரு தளம். பெல்ஜியத்துல ஆஸ்டெண்டு ஊர்ல இருக்கிற கடல் ஆய்வு நிறுவனம் வச்சு நடத்தற பெயர்ப் பட்டியல். உலகத்துல இருக்கிற நத்தை, சிப்பி, கணவாய், ஆக்டோபஸ் அத்தனைக்கும் இன்னைக்குச் செல்லுபடியாகிற பேரு எது, பழைய பேருங்க எதெதுன்னு நிபுணர்கள் உக்காந்து சரிபார்த்து வைக்கறாங்க. இது எதுக்கு முக்கியம்னா, நம்ம சங்கையே எடுத்துக்குங்க. நம்ம நாட்டு ஆராய்ச்சியாளருங்க ரொம்ப காலம் இதை ஸாங்கஸ் பைரம்னு எழுதினாங்க. ஸாங்கஸ்! சங்குங்கிற நம்ம நாட்டு வார்த்தைக்கு லத்தீன் வேட்டி கட்டி விட்ட பேரு. அப்புறம் டர்பினெல்லாதான் செல்லும்னு முடிவாச்சு. புதுப் பேரை மட்டும் வச்சுத் தேடினா பழைய கட்டுரை பல கைக்கு வராது. ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்ற பட்டியல் கையில இருக்கணும்.

அடுத்தது, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம். 1947-ல ஆரம்பிச்சது, பிறகு தலைமையகம் கொச்சிக்குப் போச்சு. அவங்களோட கட்டுரைகளை இணையத்துல இலவசமா போட்டு வச்சிருக்காங்க. சங்கு குளிக்கிறவங்களைப் பத்தி, முத்துச் சிப்பி பத்தி, மன்னார் வளைகுடா மட்டி பத்தி, எல்லாம் நம்ம கரையில நம்ம மக்கள் கிட்ட கேட்டு எழுதினது.

மூணாவது, பழைய புத்தகங்கள். ஜேம்ஸ் ஹார்னல்னு ஒரு ஆங்கிலேயர், சென்னை மாகாண மீன்வளத் துறையில இருந்தவர். 1914-ல இந்தியாவின் புனிதச் சங்கு பத்தி மட்டுமே ஒரு தனிப் புத்தகம் எழுதினாரு. சங்கு குளிக்கிறது, அது வங்காளத்துக்குப் போய் டாக்காவுல வளையலா அறுபடறது, கோயில்ல, கல்யாணத்துல, சாவுல சங்குக்கு இருக்கிற இடம், எல்லாம் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ்ல முழுசா படிக்கலாம். உயிரியல் பழம்புத்தகங்களுக்குன்னே பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரின்னு இன்னொரு பெரிய கடல் இருக்கு.

நாலாவது, ஐநேச்சுரலிஸ்ட். 2008-ல பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் முதுகலை ப்ராஜெக்டா ஆரம்பிச்சது. நீங்க ஒரு சிப்பியைப் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் போட்டு ஏத்தினா, உலகத்துல எங்கேயோ இருக்கிற ஒருத்தர் வந்து இது இன்னதுன்னு சொல்லிட்டுப் போவாரு. காசு கேக்க மாட்டாரு. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எல்லாம் எங்க கிடக்குன்னு நினைச்சுப் பாத்தா வெக்கமா இருக்கு, அது வேற விஷயம்.

நாலும் இருக்கு. நாலும் இலவசம். நாலுலயும் விஷயம் பெரும்பாலும் ஆங்கிலத்துல இருக்கு, பேரு லத்தீன்ல இருக்கு. சித்தப்பா தேடினது 'வலம்புரி சங்கு ஒரிஜினல்' என்று தமிழ்ல. அவரு தேடின மொழியில பதில் சொல்ல ஆளு இல்லை. விக்கிறவன் இருந்தான், சொல்லிட்டான்.

ஆங்கிலத்துல தேடியிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? தேடினா வேற ஒரு குழி காத்துட்டு இருக்கு. நாம வலம்புரின்னா வலது. அதையே விலங்கியல்காரங்க இடஞ்சுழின்னு எழுதுவாங்க. ரெண்டு பேரும் சரிதான், பிடிக்கிற விதம் வேற. அவங்க சங்கோட சுருள் கூம்பை மேல வச்சு, வாய் தன்னைப் பாக்கிற மாதிரி பிடிச்சு, வாய் எந்தப் பக்கம்னு பாப்பாங்க. நம்ம மரபுல வால் பக்கம் மேல. தலைகீழாப் பிடிச்சா இடது வலதாயிடுதுல்ல? அதனால ஆங்கிலத்துல 'வலது கைச் சங்கு'ன்னு போட்டு அறிவியல் பக்கத்துக்குப் போனா, அது காட்டறது நம்ம இடம்புரியை. கடைக்காரன் பக்கத்துக்குப் போனா அதே வார்த்தையில வலம்புரியை விக்கிறான். இந்த ஒரு பத்தியைத் தமிழ்ல யாராவது பொறுமையா எழுதி வச்சிருந்தா எத்தனை பேரு தப்பிச்சிருப்பாங்க?

சங்கு மட்டும்தான் பிரச்சினைன்னா கூட, போனா போகுது 18,000 ரூபாய்னு விட்டுடலாம். ஜெயில் வரைக்கும் போற விஷயம் ஒண்ணு இருக்கு.

2001 ஜூலையில மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கடல் சிப்பி, சங்கு இனங்கள் 24-ஐச் சேர்த்தாங்க. நாட்டிலஸ் பாம்பிலியஸ், கரோனியா ட்ரைட்டோனிஸ், காசிஸ் கார்னூட்டா, ட்ரைடாக்னா மாக்சிமான்னு 9 இனம் முதல் அட்டவணையில. புலி இருக்கிற அதே அட்டவணை. மீதி 15 நாலாவது அட்டவணையில. 2022-ல சட்டத்தைத் திருத்தி, அட்டவணைகளை மாத்தி அடுக்கி, 2023 ஏப்ரல்ல நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. முதல் அட்டவணை உயிரின வழக்குல மாட்டினா மூணு வருஷத்துக்குக் குறையாத சிறை.

இப்ப ராமேஸ்வரம் டூர் போன ஒரு குடும்பத்தை நினைச்சுக்குங்க. விரல் விரலா நீட்டிட்டு இருக்கிற ஒரு அழகான சங்கு. கடையில ஐவிரல் சங்குன்னு சொல்லுவாங்க. அந்த ஜாதியில லாம்பிஸ் லாம்பிஸ் 2001 பட்டியல்ல கிடையாது. அதே மாதிரி விரல் நீட்டற லாம்பிஸ் ஸ்கார்பியஸ், லாம்பிஸ் குரோகேட்டா, லாம்பிஸ் மில்லிபீடா எல்லாம் பட்டியல்ல உண்டு. விரல் எத்தனை, வாய்க்குள்ள நிறம் என்ன, கோடு இருக்கான்னு பாத்துப் பிரிக்கணும். டிவி மேல வைக்க வாங்கிட்டுப் போற அக்காவுக்கு இது எப்படித் தெரியும்?

தேடலாம்னா, 2001 பட்டியல்ல இருக்கிற பேருங்க பலதும் பழசு. ட்ரோகஸ் நைலோட்டிகஸ்னு அதுல இருக்கும், இன்னைக்கு அது ரோகியா நைலோட்டிகா. ஃபாசியோலேரியா டிரப்பீசியம்னு இருக்கும், இன்னைக்கு ப்ளூரோப்ளோக்கா. லாம்பிஸ் கிராக்ரா இப்போ ஹார்பாகோ. மறுபடியும் மொலஸ்காபேஸ் இல்லாம ஒரு அடி நகர முடியாது. சட்டம் ஒரு பேர்ல, ஆராய்ச்சி இன்னொரு பேர்ல, கடை மூணாவது பேர்ல. இந்த மூணையும் ஒரே வரியில எழுதி வைக்கிற வேலையைச் செய்யத்தான் நம்ம மொழியில ஆளு குறைச்சல்.

நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க? கொற்கைன்னு சொன்னதும் நெஞ்சை நிமித்துவோம். பாண்டியன் முத்து, பரதவர் சங்குன்னு மேடை போட்டுப் பேசுவோம். இந்த வலைப்பூவுலயே நான் அப்படி ஒரு பதிவு போட்டிருக்கேன், பின்னூட்டத்துல நாற்பது பேர் 'அருமை நண்பரே' சொன்னீங்க. அந்த நாற்பது பேர்ல, என்னையும் சேர்த்து, ஒருத்தருக்காவது கொற்கைக் கடல்ல இருக்கிற பத்து சிப்பிக்குத் தமிழ்ப் பேரும் அறிவியல் பேரும் சேர்த்துச் சொல்லத் தெரியுமா? சங்கு குளிக்கிற அண்ணாச்சிகளுக்குத் தெரியும். அவங்க பேச்சுல இருக்கிற பேரு எழுத்துல ஏறலை. எழுதறவங்களுக்குப் பேரு தெரியலை. அந்தத் தலைமுறை போயிட்டா, மிச்சம் இருக்கிறது நம்ம பெருமை மட்டும்தான். அதை வச்சு ஒரு சிப்பியைக் கூட அடையாளம் காண முடியாது.

சரி, வழக்கமா வர்ற பின்னூட்டங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன். உங்களுக்கும் டைப் அடிக்கிற வேலை மிச்சம்.

'நீ நாத்திகன், நம்பிக்கையைக் கிண்டல் பண்றே.' இல்லைங்க. என் சித்திக்குச் சங்கு சாமி. அதனாலதான் எனக்குக் கோபம். ஒண்ணுமே நம்பாதவனுக்கு இது வெறும் சுண்ணாம்பு, எது வந்தா என்ன? நம்பறவங்களைத்தான் இங்க ஏமாத்தறான். நகைச் சீட்டுப் பணத்தைக் கொடுத்தவங்களுக்கு, கேட்ட சங்கு எது, வந்த சங்கு எதுன்னு தெரிஞ்சுக்கிற உரிமை இல்லையா?

'ஆர்வம் இருக்கிறவன் ஆங்கிலத்துலயே படிச்சுக்குவான்.' அதான் பாத்தோமே, படிச்சா இடது வலதாயிடுது. அதுவும் போக, ஆர்வம் வந்த பிறகுதான் படிக்கணும்னா நம்மள்ல பாதிப் பேரு எதையுமே படிச்சிருக்க மாட்டோம். தமிழ்ல எதேச்சையா கண்ணுல பட்டதாலதான் நாம பல விஷயத்துக்குள்ள போனோம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சவன் சொல்றேன்.

'தமிழ்ல கலைச்சொல் இல்லை.' இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சாக்கு. கலைச்சொல் எதுக்கு? சுருள், வாய், வால், தோள், மடிப்பு, வரப்பு. இவ்வளவு நேரம் இதை வச்சுத்தானே பேசினேன், புரியலையா? முட்டுச்சுவர்ல முட்டிக்கிற மாதிரி மொழிபெயர்ப்பு பண்ணினாத்தான் அறிவியல்னு யார் சொன்னது? லத்தீன் பேரை அப்படியே தமிழ் எழுத்துல எழுதுங்க, மீதியை வீட்டுல பேசற மாதிரி எழுதுங்க.

'சிப்பி சேர்க்கிறதே கடலுக்குக் கெடுதல், நீ அதுக்கு ஆள் சேர்க்கறே.' இதுல நியாயம் இருக்கு. உயிரோட இருக்கிறதைப் பிடிச்சுக் கொதிக்க வச்சு ஓடு எடுக்கிறது எனக்கும் ஆகாது. இப்பல்லாம் பெரும்பாலும் படம்தான் எடுக்கறேன். ஆனா எது எதுன்னே தெரியாத ஊர்ல எதைக் காப்பாத்துவீங்க? பட்டியல்ல இருக்கிறது கடையில தொங்கினாக் கூட, இது அதுதான்னு சொல்ல ஒருத்தருக்காவது தெரியணும்ல?

என்ன பண்ணலாம்னு கேட்டா, பெருசா இயக்கம் எல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு சிப்பி. அவ்வளவுதான். உங்க ஊரு கடற்கரையோ, மீன் மார்க்கெட்டோ, வீட்டு ஷோகேஸோ. ஒண்ணை எடுங்க. முன்னால, பின்னால, வாய்ப்பக்கம்னு மூணு படம். உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு, அதை யார் சொன்னாங்க, மீனவரா, கடைக்காரரா, பாட்டியா, அதையும் எழுதுங்க. எந்த ஊர்ல எப்போ கிடைச்சது. மொலஸ்காபேஸ்ல பாத்து இன்னைய பேரு, பழைய பேரு. சட்டப் பட்டியல்ல இருக்கா இல்லையா. எதோட குழம்பும், எப்படிப் பிரிக்கிறது. மொத்தம் ஒரு பக்கம் வராது. சினிமா விமர்சனம் எழுதற நேரத்துல பாதி போதும். எழுதி உங்க பக்கத்துல போட்டுட்டு, தமிழ் விக்கிப்பீடியாவுலயும் சேருங்க. தப்பா இருந்தா நாலு பேரு திருத்துவோம். இடமும் தேதியும் மட்டும் தப்பா எழுதாதீங்க. சீட்டு இல்லாத சிப்பி சேகரிக்கிறவனுக்கும் உதவாது, படிக்கிறவனுக்கும் உதவாது.

சித்தப்பா கதையை முடிக்கலையே. சொல்லவா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அம்மா "வாயை மூடிட்டு ஊருக்குப் போய்ச் சேரு"ன்னுது. மூணாவது நாள் காலையில சித்தப்பா கூட மொட்டை மாடியில உக்காந்து சொல்லிட்டேன். என் டப்பாவுல இருந்த ஒரு சாதா இடம்புரியையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். "சித்தப்பா, இதுக்குள்ள விரலை விடுங்க. ம். இப்ப உங்க சங்குல விடுங்க."

ரெண்டு தடவை விட்டுப் பாத்தாரு. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசலை. நான் ஏன்டா சொன்னோம்னு ஆயிட்டேன். அப்புறம் கேட்டாரு, "ஏல, இது எங்க போட்டிருக்கு?" மொபைல்ல காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்தாரு. "இங்கிலீஷ்ல இருக்கு. நீ நாலு வருஷமா இதைத்தான படிச்சிட்டிருக்க? தமிழ்ல ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா நான் பாத்திருப்பேம்லா."

என்கிட்ட பதில் இல்லை. இந்தப் பதிவே அதுக்குப் பதில்தான், 18,000 ரூபாய் லேட்டா.

அன்னைக்கே ஒரு பக்கத்துல எல்லாத்தையும் எழுதி, படம் போட்டு, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா அதை ஜெராக்ஸ் எடுத்து, அதே ஆளுகிட்ட சங்கு வாங்க இருந்த தன் சிநேகிதங்க ரெண்டு பேருக்குக் கொடுத்திருக்காரு. ஒருத்தர் வாங்கலை. இன்னொருத்தர் "உங்க அண்ணன் பையனுக்கு என்ன தெரியும்"னு சொல்லிட்டு வாங்கிட்டாராம். ரெண்டுல ஒண்ணு. முதல் ரிலீசுக்கு மோசம் இல்லை.

பணம் திரும்ப வரலை. போன் பண்ணினா அந்த நம்பர் உபயோகத்தில் இல்லையாம். சங்கு இன்னும் அதே பச்சரிசி மேலதான் இருக்கு. சித்தி, "வீடு தேடி வந்துட்டு, இருந்துட்டுப் போகட்டும், பாவம்"னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை தவறாம பூவும் வைக்கறாங்க. டெக்சாஸ்ல கூட அதுக்கு இவ்வளவு மரியாதை கிடைச்சிருக்காது.

டிஸ்கி 1: சங்கு பத்தின பக்கத்தைத் தனிப் பதிவா போடறேன். யார் வேணா எடுத்துக்கலாம், என் பேர் கூடப் போட வேண்டாம். 'பலன்கள்' எழுதற அண்ணன்களும் எடுத்துக்கலாம். காப்பியடிக்கிறதுன்னு ஆயிடுச்சு, உருப்படியா ஒண்ணை அடிங்க.

டிஸ்கி 2: பின்னூட்டத்துல 'அருமை நண்பரே' போடறவங்க, கூடவே எந்தச் சிப்பியை எழுதப் போறீங்கன்னும் சொல்லிட்டுப் போங்க. சோழியை நான் எடுத்துக்கிட்டேன்.